ஏழாம் நம்பர் கல்

எனக்கு வாய் அதிகம். ஊரில் எல்லோரும் சொல்வதுதான், நானும் மறுத்ததில்லை. ஆனால் பேச வேண்டிய நேரத்தில் ஒரே ஒரு முறை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அறுபத்து மூன்று நாள். அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் விஜயபுரத்துக்குத் தெற்கே மலையடியில் இருக்கிறது. இருபத்திரண்டு வீடு. தெற்கே மலை, வடக்கே குட்டை. மானாவாரி வேர்க்கடலைதான் விவசாயம். மாசி பிறந்தால் குட்டை காய்ந்துவிடும். அப்புறம் ஒரு மைல் நடந்து பக்கத்து ஊர்க் கிணற்றில் நின்று, அவர்கள் எடுத்த பிறகு நாங்கள் எடுத்து வர வேண்டும். மூன்று குடம் சுமந்தால் காலைப் பொழுது போய்விடும். என் பெயர் தாட்சாயணி. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரர் எத்திராஜ் என்னைப் போல இல்லை, நாலு வார்த்தை பேசினால் நாள் முழுக்கப் பேசினதாக நினைப்பார்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஜில்லாவில் எந்த ஊர் மதராஸுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று தீர்த்துவிடப் போவதாகப் பேச்சு. ஊர் ஊராக ஜனத்தைக் கணக்கெடுக்கிறார்கள் என்றார்கள். நாங்கள் மதராஸுக்குத்தான் போக வேண்டும் என்று நான் கண்டிப்பாக இருந்தேன். என் தங்கை அலமேலுவைத் திருத்தணிப் பக்கம் கொடுத்திருந்தோம். தாலுகா ஆபீசிலிருந்து வரும் காகிதமெல்லாம் தெலுங்கில் வந்தது. எது மேல் பக்கம் எது கீழ்ப் பக்கம் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு அவமானமாக இருந்தது.

அந்த வருஷம் பங்குனியில் ஒரு நாள் புல்லறுக்க மலையேறினேன். மேலே ஒரு பெரிய பாறை படுத்திருக்கும். அதன் மேல் வரிவரியாக மடிப்புகள். கங்கம்மா சேலையைக் காயப்போட்ட இடம் என்போம். ஆடி வெள்ளியில் மஞ்சள் பூசிக் கும்பிடுவோம். அந்தப் பாறை மேல் ஒரு ஆள் பூட்ஸ் காலோடு நின்று சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தான்.

"யோவ், இன்னாய்யா அது! அம்மா சேல மேல பூட்ஸ் காலோட நின்னுக்கினு கீறே! எறங்குய்யா கீழ!"

குதித்து இறங்கிவிட்டார். முப்பது வயது இருக்கும். நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணக் கோடு. "மன்னிச்சுக்கணும், எனக்குத் தெரியாது" என்று சொல்லி பூட்ஸைக் கழற்றித் தூர வைத்தார். பெயர் ஸ்ரீனிவாசராகவன், திருப்பதிக்காரர், கல்லைப் பார்க்கிற உத்தியோகம் என்றார். கல்லைப் பார்க்கக்கூட ஒரு உத்தியோகமா என்று கேட்டேன். சிரித்தார்.

"இது மடிப்பு இல்லேம்மா, அலை. குட்டை வத்தினப்புறம் ஓரத்து மணல்ல வரிவரியா நிக்குமே, பார்த்திருப்பேளே? அதேதான். ஒரு காலத்துல இங்கே தண்ணி இருந்தது. மணல் படிஞ்சுது. அதுமேல இன்னும் மணல். மேலே மேலே படிஞ்சு, பாரத்துல இறுகிக் கல்லாயிடுத்து. அலை போட்ட வரி மட்டும் அப்படியே நின்னுடுத்து."

"இம்மாம் ஒசரத்துல தண்ணியா? கீழ எங்களுக்குக் குடிக்கவே இல்ல, சாமி."

சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். ஏன் என்று அப்போது புரியவில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இது உங்க வீட்டண்டை பொறுக்கினது. உப்பும் மிளகும் கலந்தாப்ல புள்ளி புள்ளியா இருக்கு பாருங்கோ. இதுல அடுக்கே கிடையாது. பூமிக்குள்ள குழம்பா இருந்து மெள்ள ஆறி இறுகினது. மேலே இருந்ததெல்லாம் தேஞ்சு போய், இது வெளியில வந்து, வெயில்லயும் மழையிலயும் கிடந்து, அப்புறம்தான் அதுமேல இந்த மணல் வந்து படுத்துது. அடிக்கல்லுக்கும் மேல்கல்லுக்கும் நடுவுல கோடிக்கணக்கான வருஷம். அந்தக் காலத்துக்கு இங்கே ஒரு சாட்சியும் இல்லே, எல்லாம் கரைஞ்சு போச்சு. திருமலையிலயும் இதே சங்கதிதான். எங்க அப்பா கோயில் கைங்கர்யத்துக்கு தினம் மலை ஏறறார். அத்தனை கோடி வருஷத்தையும் ஒரு எட்டுல தாண்டிண்டு போறார். சொன்னா நம்ப மாட்டேங்கறார்."

நானும்தான் நம்பவில்லை. ஆனால் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலில்லாமல் சமமாகப் பேசினார், அது பிடித்திருந்தது. கடைசியில் ஒரு நோட்டை எடுத்தார். ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஜனம், ஆடு மாடு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

நாலாம் நாள் இரண்டு கூலியாட்களோடு வந்தார். அவர் போன பிறகு பார்த்தால், எங்கள் வீடுகளுக்குப் பின்னால், மலைச் சரிவு தொடங்கும் இடத்தில், கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் பதினோரு கல் குவியல். ஒவ்வொன்றிலும் மூன்று கல். எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தது. மேல் கல்லில் உளியால் நம்பர் கொத்தியிருந்தது.

பக்கத்து வீட்டுச் செங்கம்மா மார்பில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாடி இது, தாட்சி?"

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. "எல்லைக் கல்லுடி! அதான் அந்தாளு ஜனத்தக் கணக்கெடுத்துக்கினு போனான். கல்லு பாக்குறானாம் கல்லு! மலை மதராஸுக்கு, கீழ கீற நாம ஆந்திராவுக்கு. நானே எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கிறேனே, என் வாயில மண்ணப் போட!"

எங்கள் ஊர்ப் பக்கம் வரப்பு தள்ளாத குடும்பம் கிடையாது. பங்காளி நிலத்து வரப்பை வருஷத்துக்கு நாலு விரல் தள்ளுவோம், அவர்களும் தள்ளுவார்கள். அதில் ஒரு முறை இருக்கிறது. வரப்பை அழிக்கக் கூடாது, அழித்தால் சர்வேயர் வந்துவிடுவார். நேற்று இருந்தது போலவே இருக்க வேண்டும், இடம் மட்டும் மாறியிருக்க வேண்டும். ராஜ்யமும் எங்களுக்குக் கொஞ்சம் பெரிய நிலம்தானே!

ஆண்களெல்லாம் நகரி சந்தைக்குப் போன நாளில், பட்டப்பகலில், பதினோரு பெண்கள் ஆளுக்கு ஒரு குவியலைத் தலையில் தூக்கினோம். வீடுகளைக் கடந்து வடக்கே கொண்டுபோய்க் குட்டைக் கரையோரம் அதே வரிசையில், அதே இடைவெளியில் இறக்கினோம். ஊர் முழுக்க இப்போது மலைப் பக்கம். ஏழாம் நம்பரை நான் சுமந்தேன். கழுத்து நாலு நாள் வலித்தது. யாரிடமும் சொல்வதில்லை என்று கங்கம்மா பாறையில் கை வைத்துச் சத்தியம் செய்தோம். புருஷனிடம்கூட. அவர்கள் கேட்டபோது, வைத்தவர்களே வந்து மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டோம்.

ஸ்ரீனிவாசராகவன் திரும்பி வரவில்லை. நாங்கள் பொங்கலுக்குப் பொங்கல் அந்தக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக் குங்குமம் வைத்துக் காவல் காத்தோம். மூன்று வருஷம். கடைசியில் எல்லைத் தீர்ப்பு சட்டமாகிவிட்டது, வருகிற ஏப்ரல் ஒண்ணாந்தேதியிலிருந்து திருத்தணி மதராஸுக்கு, நாங்கள் ஆந்திராவுக்கு என்று தெரிந்தது. எங்கள் கல்லை ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை. அலமேலுவை நினைத்து ஒரு நாள் முழுக்க அழுதேன். அப்புறம் மூன்று குடம் தண்ணீருக்குக் கிளம்பினேன்.

அந்த மாசியில் கவர்ன்மெண்டு கிராம சேவக் கோவர்த்தனன் ஒரு காகிதத்தோடு வந்தார். கூடவே கிணறு வெட்டுகிற மேஸ்திரி சின்னப்பன்.

"ஏழாம் நம்பர் ராயி எக்கட?" என்று கல்லை விசாரித்தபடி குட்டைக் கரைக்குப் போனார் கோவர்த்தனன். குங்குமத்தோடு பளிச்சென்று இருந்த கல்லைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம். "இதிகோ! மூணு வருஷம் முன்னாடி கல்லு சாஸ்திரம் படிச்சவர் வந்தாரே, அவர் குறிச்சுக் கொடுத்த இடம். ஏழாம் நம்பர்கிட்ட தோண்டினா நீளு, அதான் தண்ணி, வரும்னு எழுதியிருக்கார். வெடிமருந்தும் மேஸ்திரியும் கவர்ன்மெண்டு. ஆள் வேலை மட்டும் ஊர் ஜனம் செய்யணும்."

செங்கம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "கெணறாடி அது?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கவர்ன்மெண்டு குறியைத் தொட்டால் ஆறு மாசம் ஜெயில் என்று கேள்விப்பட்டிருந்தேன். பதினோரு பேருக்கும் குழந்தைகள் இருந்தன. எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். தண்ணீர் பள்ளத்துக்குத்தானே வரும்? மேட்டில் வருகிற தண்ணீர் குட்டை ஓரத்தில் வராமலா போய்விடும்? இப்படி நினைத்தபோது மனசுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

நாலடி மண். அப்புறம் கல். வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்து இறங்கினார்கள். எத்திராஜ் முறை இல்லாத நாளிலும் இறங்கினார். "நீ ஒரு மைல் நடந்துக்கினு கீறியே, தாட்சி. சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதான?" என்பார். சாயங்காலம் உள்ளங்கை இரண்டும் பிய்ந்து வருவார். நான் வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவுவேன். பத்தாம் நாளோ என்னவோ, மேலே வந்து விழுந்த கல்லை ஒன்று எடுத்துப் பார்த்தேன். உப்பும் மிளகும். அடுக்கே இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கும் எண்ணெய்தான் தடவினேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அறுபத்து மூன்று நாளில் முப்பத்தெட்டு அடி. மருந்து வைத்து வெடித்தும் ஒரு பொட்டு ஈரமில்லை. சின்னப்பன் மேலே ஏறிவந்து கடப்பாரையைப் போட்டுவிட்டான்.

வைகாசியில் கோவர்த்தனன் மறுபடி வந்தார். இந்த முறை ஸ்ரீனிவாசராகவனையும் கூட்டி வந்திருந்தார். ஊரே குழியைச் சுற்றி நின்றது. கோவர்த்தனனுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஈ ஊரிகி இக பாவி லேது!" என்று கத்தினார். இனி இந்த ஊருக்குக் கிணறே கிடையாது என்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. "மேலே கேக்கறாங்க. கணக்கு தப்பா, இல்ல எவனாச்சும் கலாட்டா பண்ணானா? கலாட்டான்னா ஊர் பேரை கிணத்து லிஸ்ட்லருந்து அடிச்சுடுவாங்க. கணக்கு தப்புன்னா..." என்று நிறுத்தி ஸ்ரீனிவாசராகவனைப் பார்த்தார். அவர் உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை என்று கோவர்த்தனன் வழியிலேயே சின்னப்பனிடம் சொல்லியிருந்தாராம்.

ஸ்ரீனிவாசராகவன் குழி ஓரத்தில் குனிந்தார். குழியிலிருந்து வந்த கல்லில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஏழாம் நம்பர் கல்லைப் பார்த்தார், அதன் மேலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி வீடுகளுக்கு நடுவே மலைப் பக்கம் நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

நேராக அந்தப் பழைய இடத்துக்குப் போய் நின்றார். ஒரு அடையாளமும் தேடவில்லை. கோடைக் காய்ச்சலிலும் அங்கே ஒரு சாண் கோரைப் புல் பச்சையாக இருந்தது. எங்கள் ஆடெல்லாம் அங்கேதான் போய் மேயும், அது ஏன் என்று எங்களில் ஒருத்தரும் கேட்டதில்லை. புல்லுக்குப் பக்கத்தில் பாறை மேல் சுண்ணாம்பு வளையம் ஒன்று தெரிந்தது. அன்று கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது சொட்டியது. மூன்று வருஷ மழையிலும் போகவில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பூட்ஸ் காலால் அந்த வளையத்தை மெதுவாகத் தேய்த்தார். மண்ணைத் தள்ளி மறுபடி தேய்த்தார். போய்விட்டது. திரும்பும்போது நான் நிற்பதைக் கண்டார். என்னை அடையாளம் தெரிந்தது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அப்படியே இறங்கிப் போனார்.

குழிப் பக்கம் வந்து கோவர்த்தனனிடம், "என் கணக்குதான் தப்பு. அப்படியே எழுதிக்கோங்கோ" என்றார்.

கோவர்த்தனன் காகிதத்தை எடுத்தார். கூட்டம் ஸ்ரீனிவாசராகவனைத் திட்ட ஆரம்பித்தது. எத்திராஜ்கூட, ஒருத்தரை ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், "ரெண்டு மாசம் சாமி, ரெண்டு மாசம் எங்க ரத்தத்த உறிஞ்சிட்டியே" என்றார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"அவர வையாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னேன். "சாமி பொய் சொல்றாரு. அவரு சரியாத்தான் வெச்சாரு. எல்லைக் கல்லுன்னு நெனச்சு அந்தாண்டலேர்ந்து இங்க தூக்கியாந்து வெச்சது நானு."

"பதினோரு குவியலையுமா? நுவ்வு ஒக்கதானிவேனா? நீ ஒருத்தியேவா?" என்றார் கோவர்த்தனன்.

"ஆமா. எனக்குத் தல கெட்டி."

செங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்திராஜ் என் பக்கம் திரும்பி இரண்டே வார்த்தை கேட்டார். "தெரிஞ்சா இருந்தே?"

"தெரிஞ்சிதான்."

அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கோவர்த்தனன் இனி லிஸ்ட் இல்லை, ஒன்றுமில்லை என்று குதித்தார். அவரை ஸ்ரீனிவாசராகவன்தான் அடக்கினார். "இதுல பாதித் தப்பு என்னோடது. தண்ணின்னு வாயைத் திறந்திருந்தா இவா கல்லைத் தொட்டே இருக்க மாட்டா. கிடைக்கலேன்னா ஏமாந்து போயிடுவாளேன்னு சொல்லாம இருந்துட்டேன். ஜனத்தை மட்டும் எண்ணிண்டு போனேன். எல்லைக் கணக்கு நடக்கற சமயத்துல அப்படிப் பண்ணலாமா?" பிறகு என்னிடம், "மேல்கல் விரிசல் விட்டது, மழையெல்லாம் அதுல இறங்கிடும். அடிக்கல் வாங்காது. ரெண்டும் சேர்ற இடத்துலதான் தண்ணி ஓடும். நீங்க கொண்டு வச்ச இடத்துல அடிக்கல் மட்டும்தான் இருக்கு. எத்தனை அடி போனாலும் அதேதான்" என்றார். "நடந்ததை நடந்தபடி நீங்களே எழுதிக் கொடுங்கோ. தமிழ்லயே எழுதலாம். என் பங்கையும் நான் எழுதி ரெண்டையும் சித்தூருக்கு அனுப்பறேன். கிணறு தருவாளா தெரியாது. கேட்டுப் பார்க்கலாம்."

அவர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் தாளை வைத்து எழுதினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதிய முதல் நீளமான எழுத்து. கங்கம்மாவின் சேலையிலிருந்து குட்டைக் கரை வரைக்கும் எழுதினேன். மற்ற பத்துப் பேரை விட்டுவிட்டேன். கீழே, இப்படிக்கு எ. தாட்சாயணி. ஊர், போஸ்டு, சித்தூர் ஜில்லா. அதோடு நிறுத்திவிட்டுப் பேனாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "ராஜ்யமும் எழுதணும்மா" என்றார். அவருக்கு அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

எழுத மாட்டேன் என்றுதான் மூன்று வருஷம் முன்னால் ஏழாம் நம்பரைத் தலையில் சுமந்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கோவர்த்தனன்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆந்திரப் பிரதேசம் என்று தமிழில் எழுதினேன். அழுகை வந்தது, அழுதேன்.

புரட்டாசியில் சித்தூரிலிருந்து உத்தரவு வந்தது. ஊர் இன்னொரு முறை உழைக்கத் தயார் என்றால் மருந்தும் மேஸ்திரியும் மட்டும் கொடுப்பார்களாம். எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குப் பயம். முதல் நாள் கோரைப் புல்லைக் கொத்திப் போட்டுக் குழியில் இறங்கியது எத்திராஜ்தான். அதுவரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், எழுந்து போவார். அன்றும் பேசவில்லை. சாயங்காலம் நான் எண்ணெய் காய்ச்சினால் தானே எடுத்துத் தடவிக்கொண்டார்.

இந்த முறை மேல்கல், பலகை பலகையாகப் பெயர்ந்தது. சில பலகையில் அந்த அலை வரி இருந்தது. பெண்கள் அதை மிதிக்காமல் தனியாக அடுக்கினோம். தை மாசம் ஒரு முற்பகல், இருபத்தோராவது அடியில், கீழேயிருந்து சின்னப்பன் குரல் கொடுத்தான். "உப்பு மொளகு வந்துடுச்சி!" நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். அடுக்குக் கல் முடிந்து புள்ளிக் கல் தொடங்கும் இடத்தில், சுற்றிலும் ஒரு விரல் கனத்துக்குக் கறுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பளபளத்தது, பிறகு வடிந்தது, பிறகு கீழே நிற்கிறவர்களின் கால் நனைந்தது. மேலே யார் யாரோ கத்தினார்கள். செங்கம்மா என்னைக் கட்டிக்கொண்டாள்.

கீழே நின்ற எத்திராஜ் தன் கஞ்சித் தூக்கைக் கழுவி, அந்த ஓரத்தில் வைத்துப் பிடித்தார். அது நிரம்ப வெகு நேரம் ஆயிற்று. கயிற்றில் கட்டி அனுப்பாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு படிப் படியாக ஏறி வந்தார். எத்தனையோ பேர் கையை நீட்டினார்கள். யாருக்கும் கொடுக்காமல் என் எதிரே வந்து நின்றார். அந்த உள்ளங்கைகளை நான் பார்த்தேன்.

"குடி" என்றார். எட்டு மாசத்தில் முதல் வார்த்தை. "ரெண்டு கெணறு வெட்டின தண்ணி."

வாங்கிக் குடித்தேன். கல் வாசனை அடித்தது. பாதியை அவருக்கு வைத்தேன்.